குற்றம் சாட்டும் ஆங்கிலச் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். ‘அக்யூசேஷன்’, ‘அலிகேஷன்’, ‘சார்ஜ்’, ‘இன்டைட்மென்ட்’ ஆகிய நான்குக்கும் அகராதியில் ‘குற்றச்சாட்டு’ என்ற ஒரே பொருள்தான் கிடைக்கிறது. நான்கையும் ஒன்றாகவே எழுதினால் தவறு ஏற்படுமா?

பதில்: ஏற்படும். அந்தத் தவறு நடையோடு நின்றுவிடாது. செய்தியில் பேசப்படும் மனிதரையும் அது பாதிக்கும். யாரோ ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்துவிட்டதாக வாசகர் எடுத்துக்கொள்வார். அல்லது நீதிமன்றம் பதிவு செய்ததை வெறும் அரசியல் பேச்சு என்று ஒதுக்கிவிடுவார். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று பார்த்தால் இந்தச் சொற்கள் தாமாகவே விலகி நிற்கும்.

ஓர் அலுவலகக் கணக்கில் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்குக் காசாளர்மீது ஐயம் எழுகிறது; இது ‘சஸ்பிஷன்’. அவர் காசாளரை அழைத்து, “பணத்தை எடுத்தது நீங்கள்தான்” என்று சொல்லிவிட்டால் அது ‘அக்யூசேஷன்’. இச்சொல்லின் குறி எப்போதும் ஓர் ஆள். விரல் ஒருவரை நோக்கி நீள்கிறது. அதற்கு அதிகாரமோ ஆவணமோ சாட்சியோ தேவையில்லை. கணவன் மனைவியிடம் சொல்வதும், நண்பர் நண்பரிடம் சொல்வதும் இதில் அடங்கும்.

‘அலிகேஷன்’ என்ற சொல்லின் குறி ஆள்மீது இல்லை. சொல்லப்படும் செய்தியின்மீது இருக்கிறது. “மார்ச் மாதக் கணக்கில் பொய்ச் சீட்டுகள் சேர்க்கப்பட்டன” என்று மேலாளர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கூற்றே ‘அலிகேஷன்’. இன்னும் மெய்ப்பிக்கப்படாத கூற்று என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலக்கணமும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது: ‘அக்யூஸ்’ என்ற வினைக்கு ஆள் செயப்படுபொருளாக வருவார், ‘அலெஜ்’ என்ற வினைக்குச் செய்தி செயப்படுபொருளாக வரும். ‘அலெஜ்’ என்பதை அடுத்து நேரே ஓர் ஆளின் பெயரை வைப்பதும், ‘அக்யூஸ்’ என்பதை அடுத்து ‘தட்’ போட்டு வாக்கியம் அமைப்பதும் நம்மவர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி காணும் பிழைகள். தமிழில் எழுதும்போது ‘அக்யூஸ்’ என்பதற்குக் ‘குற்றம் சாட்டினார்’ என்பதும், ‘அலெஜ்’ என்பதற்கு ‘நடந்ததாகக் கூறினார்’, ‘நடந்ததாகப் புகார் கூறினார்’ என்பதும் பெரும்பாலான இடங்களில் பொருந்தும். நம் மொழியில் ‘ஆக’ என்னும் ஈறு அந்த ஐயத்தை மிக அழகாகத் தாங்கி நிற்கிறது. அதை விட்டுவிட்டு ‘குற்றச்சாட்டு’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுவது, கையில் இருக்கும் வசதியை நாமே இழப்பதாகும்.

மேலாளர் காவல் நிலையத்துக்கோ குற்றவியல் நடுவரிடமோ (மாஜிஸ்திரேட்) போய்ச் சொன்னால் அது ‘கம்ப்ளெயின்ட்’. அன்றாடப் பேச்சில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் கம்ப்ளெயின்ட்தான். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ, நடவடிக்கை எடுக்கக் கோரி நடுவரிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்லப்படும் கூற்றையே அது குறிக்கிறது. காவல்துறையின் அறிக்கை அதில் சேராது. அமெரிக்காவில் உரிமையியல் வழக்கைத் தொடங்கும் மனுவுக்கும் இதுவே பெயர். அதே மனுவுக்கு இந்திய நீதிமன்றங்களில் ‘ப்ளெயின்ட்’ என்று பெயர். தமிழில் ‘வழக்குரை’ என்கிறோம். ஆகவே, அமெரிக்க நிறுவனம் ஒன்று மற்றொன்றின்மீது கம்ப்ளெயின்ட் தாக்கல் செய்தது என்று படித்தால், காவல்துறையில் புகார் கொடுத்ததாக எழுதிவிடக் கூடாது. அங்கே வழக்கே தொடங்கிவிட்டது.

‘சார்ஜ்’, ‘இன்டைட்மென்ட்’ இரண்டும் அடுத்த கேள்வியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

கேள்வி: குற்றப்பத்திரிகை தாக்கல், குற்றச்சாட்டுப் பதிவு என்று செய்தித்தாள்களில் இரண்டும் வருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டிலும் ‘சார்ஜ்’ என்ற சொல் இருக்கிறது. அமெரிக்கச் செய்திகளில் மட்டும் ‘இன்டைட்மென்ட்’ வருவது ஏன்?

பதில்: ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டத்தின் அதிகாரம் நிற்கிறது. யாரும் யாரையும் ‘அக்யூஸ்’ செய்யலாம். சட்டப் பொருளில் ‘சார்ஜ்’ செய்வதற்கு அரசின் ஏதேனும் ஓர் உறுப்பு வேண்டும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அப்போதுதான் வருகிறது.

இந்தியாவில் இதில் இரண்டு படிகள் உண்டு. புலனாய்வு முடிந்ததும் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கையை வழக்கத்தில் ‘சார்ஜ் ஷீட்’ என்கிறார்கள். தமிழில் அது குற்றப்பத்திரிகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 193ஆம் பிரிவும் இதற்கு உரியவை. அந்த அறிக்கை காவல்துறையின் கருத்து மட்டுமே. நீதிமன்றம் அதையும் ஆவணங்களையும் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, விசாரிக்கப் போதிய அடிப்படை இருக்கிறது என்று கருதினால், இன்ன நாளில் இன்ன செயலால் இன்ன குற்றம் புரிந்ததாக உம்மீது குற்றம் சாட்டப்படுகிறது என்று எழுதிப் படித்துக் காட்டும். இதுவே சட்டம் சொல்லும் ‘சார்ஜ்’. நீதிமன்றத் தமிழில் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான மறுநாளே ஒருவரை ‘நீதிமன்றம் குற்றம் சாட்டியவர்’ என்று எழுதுவது, நீதிபதி வாய் திறக்கும் முன்னரே அவர் வாயில் சொற்களை வைப்பதாகும்.

நீதிமன்றம் அடிப்படை இல்லை என்று கண்டால் அந்த நிலையிலேயே ஒருவரை விடுவிக்கும். அது ‘டிஸ்சார்ஜ்’. விசாரணை முடிந்து குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தால் அது ‘அக்விட்டல்’. தமிழில் முன்னது ‘விடுவிப்பு’, பின்னது ‘விடுதலை’. செய்திகளில் இரண்டுமே ‘விடுதலை’ ஆகிவிடுகின்றன. இதனால் விளையும் குழப்பம் சிறியதன்று: டிஸ்சார்ஜ் என்பது அக்விட்டல் ஆகாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. விடுவிக்கப்பட்டவர்மீது புதிய சான்று கிடைத்தால் நடவடிக்கை மீண்டும் எழலாம். விடுதலை பெற்றவரை, அந்தத் தீர்ப்பு நிலைக்கும் வரை, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

இனி இன்டைட்மென்ட். அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. கடுங்குற்றத்துக்கு ஒருவரைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிறுத்த ‘கிராண்ட் ஜூரி’ என்னும் குடிமக்கள் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று அது விதித்தது. அந்தக் குழுவில் 16 முதல் 23 பேர் இருப்பார்கள். குறைந்தது 12 பேர் ஒப்பினால்தான் இன்டைட்மென்ட் பிறக்கும். அந்த அறையில் அரசு வழக்கறிஞர் இருப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இடமில்லை. ஆகையால் அது ஒருதரப்புச் சான்றைக் கேட்டு எழுதப்பட்ட முறையான குற்றச்சாட்டு. தீர்ப்பின் சாயல்கூட அதில் இல்லை. இங்கிலாந்து 1933இல் கிராண்ட் ஜூரியைக் கைவிட்டுவிட்டது. இன்டைட்மென்ட் என்ற ஆவணமும் பெயரும் அங்கே மேல்நிலைக் குற்றவியல் நீதிமன்றத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றன. ‘முறைப்படியான குற்றச்சாட்டு’ என்று எழுதி, யார் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பதே தமிழ் வாசகருக்குச் செய்யும் நியாயம். எழுத்தில் ‘சி’ இருந்தாலும் இச்சொல்லை ‘இன்டைட்மென்ட்’ என்றே ஒலிக்க வேண்டும். ‘இன்டிக்ட்மென்ட்’ என்பது பிழை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் எழுத்தில் செருகப்பட்ட ‘சி’ அது. நாக்கு அதை ஏற்கவே இல்லை.

இங்கே ஒரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஜூரி இல்லாமல் அரசு வழக்கறிஞரே நேரடியாகத் தாக்கல் செய்யும் குற்றச்சாட்டுக்கு அமெரிக்காவில் ‘இன்ஃபர்மேஷன்’ என்று பெயர். ‘அன் இன்ஃபர்மேஷன்’ என்று முன்னால் ஒருமைக் குறி இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். அதைத் ‘தகவல் தாக்கல் செய்தார்’ என்று எழுதினால் வாக்கியத்தின் உயிரே போய்விடும்.

கேள்வி: ‘அவர்மீது சார்ஜ் ஃப்ரேம் செய்யப்பட்டது’ என்றும், ‘அவர் ஃப்ரேம் செய்யப்பட்டார்’ என்றும் படித்தேன். இரண்டும் ஒன்றா?

பதில்: ஏறக்குறைய எதிரெதிரானவை. முதலாவது, மேலே சொன்னவாறு நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்தது என்பது. அதில் குறை எதுவும் இல்லை. இரண்டாவது, குற்றமற்ற ஒருவரைப் பொய்ச் சான்றுகளை இட்டுக்கட்டிச் சிக்கவைத்தார்கள் என்பது. ‘ஃப்ரேம்’ செய்யப்படுவது சார்ஜா, ஆளா என்று பார்த்தால் போதும். பொய்யாகப் புனைந்த வழக்கை ‘ட்ரம்ப்ட்-அப் சார்ஜஸ்’ என்பார்கள். நம் ‘பொய் வழக்கு’ அதற்கு முற்றிலும் பொருந்துகிறது.

கேள்வி: ‘இம்பீச்மென்ட்’ என்பதைத் தமிழ் ஊடகங்கள் ‘பதவி நீக்கம்’ என்கின்றன. இம்பீச் செய்யப்பட்ட அமெரிக்க அதிபர்கள் பதவியில் தொடர்ந்தது எப்படி?

பதில்: மொழிபெயர்ப்பு ஒரு படி தாண்டிவிட்டதால் எழுந்த கேள்வி இது. இம்பீச்மென்ட் என்பது உயர் பதவியில் உள்ளவர்மீது சட்டமன்றம் சாட்டும் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டின் முடிவு வேறு. அமெரிக்காவில் பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், மூன்றில் இரு பங்கினர் ஒப்பினால்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளின்டன் 1998இலும், டொனால்ட் டிரம்ப் 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் இருமுறையும் இம்பீச் செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் செனட் விசாரித்து அவர்களுக்கு விடுதலை அளித்தது. மாறாக, ரிச்சர்ட் நிக்ஸன் இம்பீச் செய்யப்படவே இல்லை. பிரதிநிதிகள் அவை வாக்களிக்கும் முன்பே 1974 ஆகஸ்டில் பதவி விலகிவிட்டார். ‘பதவி நீக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைச் சொன்னால், நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் பதவியில் இருந்ததாகவும், நீக்கப்படாத ஒருவர் மட்டும் வெளியேறியதாகவும் ஆகும்.

நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785இல் இந்தியாவை விட்டுப் போனார். நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் முன்னின்று நடத்த, பிரிட்டிஷ் மக்களவை 1787இல் அவரை இம்பீச் செய்தது. பிரபுக்கள் அவையில் 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் அவர் குற்றமற்றவர் என்று முடிந்தது. அப்போது அவரிடம் நீக்குவதற்குப் பதவியே இல்லை.

இந்திய அரசமைப்பில் இச்சொல் குடியரசுத் தலைவருக்கு உரிய 61ஆம் பிரிவில் வருகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உரிய 124ஆம் பிரிவோ ‘ரிமூவ்’ என்ற வினையையே ஆள்கிறது. ஆகவே நீதிபதிகள் விஷயத்தில் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்பது பிழையற்ற தமிழ். மற்ற இடங்களுக்கு, இலங்கைத் தமிழ் இதழ்கள் எழுதும் ‘குற்றப் பிரேரணை’ என்பதையே நான் விரும்புகிறேன். அதில் குற்றம் முன்வைக்கப்படுவது மட்டும் சொல்லப்படுகிறது. முடிவு திறந்தே நிற்கிறது.

கேள்வி: செய்தியில் எதை எழுதினாலும் ‘அலெஜெட்லி’ என்று சேர்த்துவிட்டால் சட்டச் சிக்கல் வராது என்று மூத்த செய்தியாளர் ஒருவர் சொன்னார். சரியா?

பதில்: சரியில்லை. இதை நீங்கள் இளமையிலேயே அறிந்துகொள்வது உங்களுக்கும், நீங்கள் எழுதப்போகும் மனிதர்களுக்கும் நல்லது. அவதூறுச் சட்டத்தில், பிறர் சொன்ன பழியைத் திரும்பச் சொல்பவரும் சொன்னவரே ஆவார் என்பது பொதுவான நெறி. ‘சொல்லப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘அலெஜெட்லி’ ஆகிய எவையும் தாமாகக் கேடயம் ஆகா. நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாக அப்படியே தெரிவிப்பதற்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தப் பாதுகாப்பு வருவது செய்தியின் மூலத்திலிருந்தே தவிர இச்சொல்லிலிருந்து இல்லை.

எனவே, செய்தியில் முதலில் எழுத வேண்டியது யார் சொன்னது என்பதைத்தான். “காசாளர் பணத்தைக் கையாடல் செய்ததாகக் கூறப்படுகிறது” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கூறியவர் மேலாளரா, காவல்துறையா, தெருவில் போனவரா? “காசாளர் பணத்தைக் கையாடல் செய்ததாகக் காவல்துறை தன் குற்றப்பத்திரிகையில் தெரிவித்துள்ளது, காசாளரின் வழக்கறிஞர் இதை மறுத்துள்ளார்” என்று எழுதினால் வாசகர் எடைபோட முடிகிறது. முதல் வாக்கியத்தில் பழி மட்டும் காசாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. செயப்பாட்டு வினை நம் செய்தித்தமிழில் இவ்வளவு பெருகியிருப்பதற்கு இந்தச் சொல்லின் தவறான பயிற்சியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

‘அலெஜ்டு’ என்ற அடைமொழியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நடந்ததா என்பதே கேள்வியாக இருந்தால்தான் நிகழ்ச்சிக்கு முன் அது வரும். பூட்டு உடைந்து பெட்டி காலியாகக் கிடக்கும் வீட்டைப் பற்றி ‘அலெஜ்டு’ திருட்டு என்று எழுதினால், வீட்டுக்காரரின் சொல்லையே ஐயுறுவதாகப் பொருள்படும். அங்கே ஐயம் ஆளைப் பற்றியது; திருட்டைப் பற்றியது இல்லை.

கேள்வி: கைது செய்யப்பட்டவரைக் ‘கல்ப்ரிட்’ என்று எழுதலாமா? ‘சஸ்பெக்ட்’, ‘அக்யூஸ்ட்’, ‘டிஃபென்டன்ட்’, ‘கன்விக்ட்’ இவற்றில் எது எப்போது?

பதில்: எழுதக் கூடாது. ‘கல்ப்ரிட்’ என்றால் செய்தவர் என்றே பொருள். அச்சொல்லின் பிறப்பே ஒரு பிழையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்: பழைய ஆங்கில நீதிமன்றங்களில், “நீர் குற்றவாளி, அதை மெய்ப்பிக்க நாங்கள் ஆயத்தம்” என்ற அரசுத் தரப்பின் பிரெஞ்சுத் தொடரை எழுத்தர்கள் ‘கல்’, ‘ப்ரிட்’ என்று சுருக்கிக் குறிக்க, பின்வந்தவர்கள் அதை எதிரில் நின்றவரைக் குறிக்கும் ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். சாட்டப்பட்ட நிலையில் பிறந்த சொல் காலப்போக்கில் குற்றவாளியையே குறிக்கலாயிற்று. தமிழிலும் இதே சறுக்கல் நாள்தோறும் நிகழ்கிறது. ‘குற்றவாளி கைது’ என்று தலைப்பிட்ட கை, ஆறாண்டு கழித்து அவர் விடுதலையானால் என்ன எழுதும்?

காவல்துறை ஐயுறும் வரை ‘சஸ்பெக்ட்’. இலங்கை வழக்கில் ‘சந்தேகநபர்’ என்பது நல்ல சொல். முறையாகக் குற்றம் சுமத்தப்பட்டால் ‘அக்யூஸ்ட்’, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். காவல்துறைப் பதிவுகளில் ‘எதிரி’. பெயர்ச்சொல்லாக வரும் ‘அக்யூஸ்ட்’ பன்மையிலும் மாறாது. மூவராக இருந்தாலும் ‘த்ரீ அக்யூஸ்ட்’ தான். அமெரிக்காவில் குற்ற வழக்கிலும் உரிமையியல் வழக்கிலும் எதிர்த்தரப்பாரை ‘டிஃபென்டன்ட்’ என்பதால், வழக்கின் வகையைப் பார்த்த பிறகே ‘பிரதிவாதி’ என்றோ ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்றோ எழுத வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட தீர்ப்புக்குப் பின்னரே ‘கன்விக்ட்’. உரிமையியல் வழக்கில் தோற்றவர் ‘லயபிள்’ மட்டுமே, அதாவது பொறுப்புடையவர். அவரைக் குற்றவாளி என்பது பெரும் பிழை.

கேள்வி: ‘லைபல்’, ‘ஸ்லாண்டர்’, ‘டெஃபமேஷன்’?

பதில்: டெஃபமேஷன் பொதுச்சொல், தமிழில் அவதூறு. ஆங்கிலேயப் பொதுச்சட்டம் அதை எழுத்துபோல் நிலைத்து நிற்கும் வடிவில் வந்தால் லைபல் என்றும், பேச்சாக வந்தால் ஸ்லாண்டர் என்றும் பிரித்தது. இந்தியக் குற்றவியல் சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன. ஆகையால் இந்திய வழக்குச் செய்தியில் ‘அவதூறு’ என்பதே போதுமானது.

கேள்வி: இந்த வினைகளோடு வரும் ‘ஆஃப்’, ‘வித்’, ‘ஃபார்’ ஆகியவற்றில் எப்போதும் தடுமாறுகிறேன்.

பதில்: இவற்றுக்குக் காரணம் தேடாமல் வினையோடு சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘அக்யூஸ்’, ‘சஸ்பெக்ட்’, ‘கன்விக்ட்’, ‘அக்விட்’ ஆகியவற்றுக்கு ‘ஆஃப்’. ‘சார்ஜ்’ என்பதற்கு ‘வித்’. அதற்கு ‘ஃபார்’ போட்டால் கட்டணம் வாங்கியதாகிவிடும். ‘பிளேம்’ என்பதற்கு ‘ஃபார்’. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ‘ப்ளீட் கில்ட்டி’ என்பதற்கு ‘டு’. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணும் பிழை ‘அக்யூஸ்ட் ஃபார்’ என்பதாகும். ‘திருடியதற்காகக் குற்றம் சாட்டினார்’ என்று நாம் தமிழில் நினைப்பதால் அந்த ‘ஆக’ என்பது ‘ஃபார்’ ஆக மாறி அங்கே உட்கார்ந்துகொள்கிறது. தமிழிலும்கூட அவ்விடத்தில் ‘திருடியதாகக் குற்றம் சாட்டினார்’ என்பதே சரி. ‘திருடியதற்காக’ என்றால் திருட்டு நடந்துவிட்டதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.